தெப்ராவ் நீரிணையும் விருந்தினர் மாளிகைகளும்

ஓர் ஊருக்குப் புதிதாய்ச் செல்வோர் முதலில் தேடுவது தங்குவதற்கோர் இடம். பழங்காலத்தில் இத்தேட்டம் எளிதில் முடிந்தது. ஊர் நடுவே சத்திரம் இருந்தது, இல்லையேல் கோயிலை அடுத்து மண்டபம் இருந்தது. இக்காலத்துப் பயணியின் முன் இரு வழிகள் உள்ளன. கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் இரயில் நிலையமும் நெருங்கிக் கிடக்கும் பழைய நகருக்குள்ளேயே அறை எடுப்பது ஒன்று. நகரை விட்டு விலகி, நீர்க்கரையில் புதிதாய் எழுந்த பெரிய ஹோட்டலை நாடுவது மற்றொன்று. மலேசியாவின் தென்முனையிலுள்ள ஜொகூர் பாருவுக்குச் செல்வோரிற் பலர், நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள புத்ரி ஹார்பர் போன்ற கரைகளைத் தேர்கின்றனர். சன்னலைத் திறந்தால் உல்லாசப் படகுகள், அதற்கப்பால் நீரிணை, அக்கரையில் சிங்கப்பூர்.

இது விமானப் பயணமும் விளம்பரமும் மலிந்த இக்காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுவர். தெப்ராவ் நீரிணையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பார்க்கு வேறோர் உண்மை புலப்படும். பழைய ஊரை விட்டு விலகிப் புதிய நீர்க்கரையை நாடும் வழக்கம் அங்கே நூற்றெழுபது ஆண்டுப் பழமை உடையது. இன்று 'பழைய நகர்' என ஒதுக்கப்படும் ஜொகூர் பாருவே அவ்வழக்கத்தாற் பிறந்த ஊராகும்.

பெயர் வரலாறு

தெப்ராவ் என்னும் பெயர் இன்று பலவற்றைக் குறிக்கும். ஜொகூர் பாருவின் வடகிழக்கே பரந்து கிடக்கும் முக்கிம் ஒன்றுக்கு அதுவே பெயர். அதன் வழியே ஓடிவந்து நகருக்குக் கிழக்கே கலக்கும் ஆற்றுக்கும் அதுவே பெயர். நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலைக்கும் அதுவே பெயர். இவை எல்லாவற்றினும் பெரிதாக, ஜொகூரையும் சிங்கப்பூர்த் தீவையும் பிரிக்கும் நீரிணையை மலாய் மக்கள் 'செலாட் தெப்ராவ்' என்றே வழங்குவர். ஆங்கிலேயர் அதனை ஜொகூர் நீரிணை என்றனர்.

பெயர் மிகப் பழையது. போர்த்துக்கீசிய மரபிற் பிறந்து மலாக்காவில் வாழ்ந்த மனுவேல் கொதினோ டி எரேதியா என்னும் நில ஆய்வாளர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த படத்தில் இந்நீரிணை 'சாலெட் துப்ரோ' எனக் குறிக்கப்பெற்றுள்ளது. ஆற்றோரங்களில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் நாணல் வகை ஒன்றுக்குத் தெபெராவ் என்பது மலாய்ப் பெயர். ஊர்ப்பெயரும் அதனோடு தொடர்புடையது போலும். செடியும் மரமும் ஊருக்குப் பெயராவது தமிழர்க்குப் புதிதன்று. தில்லை என்னும் சிதம்பரத்தின் பழம்பெயர் உப்பங்கழி மரமொன்றின் பெயரே. அத்தில்லை மரம் மலாயாவின் கழிமுகக் காடுகளிலும் வளர்கின்றது என்பது இங்கே நினைவு கூரத்தக்கது.

ஜொகூர் என்பது மணியைக் குறிக்கும் ஜவ்ஹர் என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். 'பாரு' என்றால் புதிது. ஜொகூர் பாரு என்பது 'புதிய ஜொகூர்'. அவ்வாறாயின் பழைய ஜொகூர் எங்கே? அதுவும் ஓர் ஆற்றங்கரையில்தான் இருந்தது. 1511 இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கைப்பட்ட பின், அதன் அரச மரபினர் ஜொகூர் ஆற்றங்கரையில் தலைநகர் அமைத்தனர். ஜொகூர் லாமா எனப்படும் அவ்வூரை 1587 இல் போர்த்துக்கீசியர் அழித்தனர். பின்னர் அரசிருக்கை ஆற்றின் மேலும் கீழும், ரியாவ் தீவுகளுக்கும் பலமுறை பெயர்ந்தது. நிலையான கல்நகரை எழுப்பி அதிலேயே நூற்றாண்டுகள் வீற்றிருக்கும் மரபு அங்கே இல்லை. நீர்வழி எங்கே வாய்ப்பாக இருந்ததோ அங்கே அரசு இருந்தது.

கரை யாருக்கு உரியது?

பழந்தமிழ்ப் பட்டினங்களில் கரையோரம் செல்வர்க்கு உரியதாக இல்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இரண்டு பகுதிகளாக விளங்கிற்று. கடலை ஒட்டியிருந்தது மருவூர்ப்பாக்கம், உள்நிலத்தில் இருந்தது பட்டினப்பாக்கம், இடையே நாளங்காடி. மீன் விற்போரும் உப்பு விற்போரும் கூல வாணிகரும் கொல்லரும் தச்சரும் நெசவாளரும் கடற்புறத்தில் வாழ்ந்தனர். அரசனும் பெருங்குடி வணிகரும் மறையவரும் உள்நகரில் வாழ்ந்தனர். ஓதமும் மீன்நாற்றமும் சரக்கு மூட்டையும் உள்ள இடத்தை வசதி படைத்தோர் விரும்பவில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. காண்போர் கண்ணைக் கவரும் யவனர் இருப்பிடங்கள் மட்டும் கடற்புறத்திலேயே அமைந்திருந்தன. கப்பலில் வந்து தங்கிச் செல்லும் அயலார்க்குக் கரையில் அழகிய வீடு என்பது அன்றே உண்டு.

தெப்ராவ்க் கரையும் முதலில் உழைப்போர் கரையே. நீரிணையின் கழிகளிலும் கண்டற் காடுகளிலும் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் ஓராங் செலத்தார் என்னும் கடற்குடியினர். மீனும் நண்டும் சிப்பியும் அவர்தம் வாழ்வு. அவர்களுக்கு அடுத்து வந்தோர் சீன வேளாளர். தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்தபடியே ஜொகூர் நிலத்தின் மீது அதிகாரம் செலுத்திய காலத்தில், ஆற்றுக்கு ஒரு தலைவராகச் சீனர்களைக் குடியேற்றினார். 'சூராட் சுங்கை' எனப்பட்ட ஆற்று உரிமைச் சீட்டுகள் 1844 முதல் வழங்கப்பெற்றன. அதே ஆண்டு தான் கீ சூன் என்னும் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேற்றம் ஒன்றை நிறுவினார். கங்கார் தெப்ராவ் என்ற பெயரில் அவ்விடம் இன்றும் வழங்குகின்றது. கங்கார் என்பது ஆற்றுத்துறைக் குடியேற்றம். அதன் தலைவர் கங்சு. இம்முறை 1917 வரை நீடித்தது.

அவர்கள் பயிரிட்டவை மிளகும் கம்பீரும். கம்பீர்ச் செடியின் இலையைக் காய்ச்சி எடுப்பதே வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி. தோல் பதனிடுதற்கும் சாயத் தொழிலுக்கும் ஐரோப்பிய நாடுகள் அதனைப் பெரிதும் வாங்கின. காய்ச்சுவதற்கு விறகு மிகுதியும் வேண்டும். சில ஆண்டுகளில் சுற்றுப்புறக் காடு தீரும், மண்ணும் வளம் குன்றும். தோட்டக்காரர் அடுத்த இடத்துக்குப் பெயர்வர். சிங்கப்பூர்த் தீவில் நிலம் இவ்வாறு தளர்ந்த பின்னரே பலர் நீரிணையைக் கடந்து ஜொகூர் வந்தனர். பழையதை விட்டுப் புதியதை நாடும் போக்கு அந்நாட்டின் பயிரிலேயே இருந்தது என்னலாம்.

புதிய கரையில் ஓர் அரண்மனை

1855 மார்ச்சு 10 ஆம் நாள் சுல்தான் அலியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால், மூவார்ப் பகுதி நீங்கலாக ஜொகூர் முழுதும் தெமெங்கோங் இப்ராகிமுக்கு உரியதாயிற்று. அதே ஆண்டு அவர் நீரிணைக் கரையில் தஞ்சோங் புத்ரி என்ற இடத்தைப் புதிய ஊருக்குத் தேர்ந்தார். தஞ்சோங் என்றால் முனை. புத்ரி என்பது தமிழிலும் வழங்கும் புத்திரி என்ற வடசொல்லே. இளவரசி முனை என்பது பொருள். அவ்வூருக்கு இஸ்கண்டார் புத்ரி என்றும் பெயரிடப்பட்டது. இப்பெயரைப் படிப்போர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இது மீண்டும் வரும்.

இப்ராகிமின் மகன் அபு பக்கார் 1862 இல் பதவி ஏற்றார். அவர் காலத்தில் ஊர் ஜொகூர் பாரு என்னும் பெயர் பெற்றுத் தலைநகராயிற்று. தெலுக் பிளாங்காவில், சிங்கப்பூர் வணிகத்தின் அருகில், ஆங்கிலேயரின் கண்முன் வாழ்ந்த அரச குடும்பம் தன் சொந்தக் கரைக்கு வந்தது. இது வெறும் இடமாற்றம் அன்று. ஆங்கிலேயர் ஆட்சியிலுள்ள தீவில் குடியிருக்கும் ஒருவர்க்கும், தன் நாட்டின் கரையில் மாளிகை கட்டி விருந்தளிக்கும் ஒருவர்க்கும் உள்ள வேறுபாட்டை அபு பக்கார் நன்கறிந்திருந்தார். 1866 இல் நீரிணையை நோக்கி எழுந்தது இஸ்தானா புசார் என்னும் பேரரண்மனை. இஸ்தானா என்பதும் ஆஸ்தானம் என்ற சொல்லின் வழி வந்ததே. அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ பூக். பழைய நகரின் முதன்மைத் தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவ்வரண்மனை ஓர் அரசர் இல்லமாக மட்டும் இருந்ததில்லை; விருந்தினர் மாளிகையாகவும் விளங்கிற்று. சிங்கப்பூர் வந்திறங்கும் ஐரோப்பியப் பெருமக்களுக்கு ஜொகூர்ப் பயணம் ஒருநாள் இன்பச் செலவாக அமைந்தது. சிங்கப்பூர் நகரிலிருந்து தீவின் வடகரைக்குச் சாலை 1845 இல் முடிந்திருந்தது. ஏறத்தாழ 14 மைல் குதிரை வண்டியிற் சென்று, நீராவிப் படகில் நீரிணையைக் கடந்தால் அரண்மனைத் துறை. 1893 இல் உலகைச் சுற்றிவந்த ஆஸ்திரிய இளவரசர் பிரான்சு பெர்டினாண்டும் ஜொகூருக்கு வந்தார். 1914 இல் அவர் சுடப்பட்டதே முதல் உலகப் போருக்கு முன்னோடியாயிற்று. அரசர் அபு பக்கார் 1868 இல் மகாராஜா எனவும் 1885 இல் சுல்தான் எனவும் பட்டம் பெற்றார். 1895 இல் இலண்டனில் மறைந்தார். மலாயாவின் பிற அரசுகள் ஒவ்வொன்றாய் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்ற காலத்தில் ஜொகூர் மட்டும் 1914 வரை தாழாது நின்றதற்கு, அவர் நடத்திய விருந்தும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. நீர்க்கரை மாளிகையில் விருந்துண்டு சென்ற ஒருவர் அவ்வீட்டுக்காரரை நாகரிகமற்றவர் என்று கூறுதல் அரிதன்றோ?

அவ்வரசவையில் தமிழ்த் தொடர்பும் இருந்தது. மலாய் உரைநடைக்கு வழிகாட்டியாகப் போற்றப்பெறும் அப்துல்லா முன்ஷியின் முன்னோர் யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணமுடித்தவர். அப்துல்லா தமிழும் கற்றவர். அவர் மகன் முகம்மது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்து, 1870 களின் தொடக்கத்தில் தாம் மேற்கொண்ட பயணங்களை மலாயில் எழுதி வைத்தார். புதிய ஜொகூர் உருவான நாளில் அதன் எழுத்துப் பணியில் நாகூரின் வழித்தோன்றல் ஒருவர் இருந்தார் என்பது தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

பாதை வந்தது, படகு போயிற்று

1903 இல் சிங்கப்பூர்த் தீவின் குறுக்கே இரயில் ஓடத் தொடங்கிற்று. 1909 இல் ஜொகூர் இரயில் பாதை முடிந்தது. இடையே நீர் மட்டும் எஞ்சியது. பயணிகளும் சரக்கும் படகில் ஏறி இறங்க வேண்டியிருந்தன. அத்தொல்லையைத் தீர்க்க 1919 இல் தொடங்கிய கடற்பாதை வேலை, 1923 இல் இரயில் ஓடுமளவுக்கு முடிந்து, 1924 ஜூன் 28 ஆம் நாள் முறையாகத் திறக்கப்பெற்றது. காஸ்வே என மக்கள் வழங்குவது இதனையே. இது தூண்மேல் நிற்கும் பாலம் அன்று. கல்லைக் கொட்டிக் கடலை அடைத்த அணை. நீளம் ஒரு கிலோமீட்டரை சற்றே மீறும். சிறு படகுகள் கடக்க ஜொகூர்ப் பக்கம் மதகுக் கால்வாய் ஒன்று வைத்திருந்தனர். 1942 சனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாதையைத் தகர்த்தபோது அதுவும் சிதைந்தது. போருக்குப் பின் மீளக் கட்டப்படவில்லை.

இந்த அணையின் விளைவு பெரிது. தெப்ராவ் நீரிணை அதுவரை ஒரு வழி. அதன்பின் அது இரண்டு குடாக்கள். கிழக்கு நீரும் மேற்கு நீரும் கலப்பது நின்றது. படகுத்துறையாக வாழ்ந்த ஜொகூர் பாரு எல்லை வாயிலாக மாறியது. கப்பல் வருவதைப் பார்த்திருந்த நகர், வண்டி வருவதைப் பார்த்திருக்கும் நகராயிற்று. பிற்காலத்தில் நகரின் நடுவே ஓடும் செகெட் ஆறு அழுக்கேறிச் சாக்கடையாகி, கான்கிரீட்டால் மூடப்படும் நிலைக்கு வந்தது. நீரை நோக்கிப் பிறந்த ஊர் நீருக்குப் புறங்காட்டத் தொடங்கியதன் தொடக்கம் கடற்பாதையே எனல் பொருந்தும்.

அரச குடும்பமும் நகர நடுவை விட்டு விலகிற்று. 1933 இல் நகருக்கு மேற்கே நீரிணையை நோக்கிய மேட்டில் புக்கிட் செரீன் அரண்மனை கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரத்திலிருந்து பார்த்தால் சிங்கப்பூரின் வடகரை முழுதும் தெரியும். 1942 பிப்ரவரியில் ஜப்பானியத் தளபதி யமாஷித்தா அக்கோபுரத்தை நோக்கிடமாகக் கொண்டே நீரிணைத் தாக்குதலை நடத்தினார். காட்சி நலத்துக்காகத் தேர்ந்த இடம் போர்க்கருவியான கதை இது.

பழைய நகரில் தமிழர்

அரண்மனைகள் இவ்வாறு மேற்கே பெயர, பழைய நகரில் தங்கியோர் யார்? அங்கே கடை வைத்தோரும் கூலிக்கு உழைத்தோரும். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் குஜராத்தியரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். கடையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'கெடாய்' தமிழ்க் கடையே. கப்பல் அங்கும் 'காப்பால்'தான். சலவைத் தொழிலாளரால் பெயர்பெற்ற டோபி தெரு இன்றும் உள்ளது.

தமிழர் இந்நகருக்கு வந்த வழிகள் இரண்டு. இரயில் பாதையும் சாலையும் போடும் வேலைக்கு வந்தோர் ஒரு சாரார். மற்றையோர் ரப்பர்த் தோட்டத்துப் பாட்டாளிகள். கம்பீரும் மிளகும் ஓய்ந்த இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், தெப்ராவைச் சூழ்ந்த நிலமெல்லாம் ரப்பராயிற்று. மவுண்ட் ஆஸ்டின் என்று இன்று வீடமைப்புப் பகுதிக்கு வழங்கும் பெயர், அக்காலத்து ரப்பர்த் தோட்டத்தின் பெயராகும். லயத்து வீடுகளில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளர்க்கு ஜொகூர் பாரு என்பது சம்பளம் வந்தபின் துணியும் சாமானும் வாங்கச் செல்லும் ஊர். திருவிழாவுக்குச் செல்லும் ஊர்.

அவர்கள் அந்நகரில் விட்டுச் சென்ற அடையாளம் அரண்மனை போன்றதன்று. உங்கு புவான் தெருவிலுள்ள ராஜமாரியம்மன் கோயில் 1911 முதல் வரும் வரலாறு உடையது. அதற்கு நிலம் வழங்கியவர் சுல்தான் இப்ராகிம் என்பர். தெப்ராவ் சாலைப் பகுதியில், இரயில் பாதையை அடுத்து, 1922 இல் சிறு குடிலாகத் தொடங்கியது ராஜகாளியம்மன் கோயில். இரயில் பாதைக்கு அருகே கோயில் அமைந்தது தற்செயல் அன்று. பாதை வேலைக்காரர் தம் குடியிருப்பின் அருகே அம்மனையும் வைத்துக்கொள்வது மலாயா முழுதும் காணப்பெற்ற வழக்கம். அக்குடில் பின்னர்க் கற்கோயிலாயிற்று. 2009 அளவில் சுவரும் தூணும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பெற்று, நாட்டின் முதல் கண்ணாடிக் கோயிலாகப் பதிவு பெற்றது. நெடுந்தொலைவிலிருந்தும் அதனைக் காண மக்கள் வருகின்றனர்.

தோட்டங்களோ அவ்வாறு நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசி முப்பதாண்டுகளில் தெப்ராவ்ப் பகுதியின் ரப்பர் மரங்கள் வீழ்ந்து, வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்கூடங்களும் பேரங்காடிகளும் எழுந்தன. 2017 இல் ஸ்வீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் தெப்ராவில் பெருங்கடை திறந்தது. லயங்கள் போயின, லயத்துப் பிள்ளைகள் அடுக்குவீடுகளில் குடியேறினர். இவ்வரலாற்றை எழுதி வைக்கத் தோட்டத்தில் யாரும் இருந்ததில்லை. கோயிற் கல்வெட்டும் பள்ளிப் பெயர்ப் பலகையுமே சான்று.

மீண்டும் ஒரு புத்ரி

1998 இல் ஜொகூரின் தென்மேற்கு மூலையையும் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியையும் இணைத்து இரண்டாம் பாலம் திறக்கப்பெற்றது. பழைய நகருக்குள் நுழையாமலே ஜொகூருக்குள் வரலாம் என்னும் நிலை அன்றுதான் தோன்றிற்று. புதிய நீர்க்கரை ஹோட்டல்களின் வரலாற்றை எழுதுவோர் இப்பாலத்திலிருந்தே தொடங்க வேண்டும். பாலம் இல்லையேல் அக்கரை சதுப்புநிலமாகவும் செம்பனைத் தோட்டமாகவுமே நின்றிருக்கும். 2006 நவம்பரில் இஸ்கண்டார் மேம்பாட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 2,217 சதுர கிலோமீட்டர். 2009 இல் மாநில அரசின் அலுவலகங்களே கோத்தா இஸ்கண்டாருக்குப் பெயர்ந்தன. கோத்தா என்பது நம் கோட்டை. 2012 இல் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா வந்தது. அதனையடுத்துப் புத்ரி ஹார்பரில், வெட்டி அமைத்த படகுத்துறையைச் சுற்றி ஹோட்டல்களும் அடுக்குமாளிகைகளும் நின்றன.

இப்புதிய நகருக்கு முதலில் நூசாஜெயா என்று பெயர். பின்னர் அதனை மாற்றி இஸ்கண்டார் புத்ரி என்று வைத்தனர். 2017 நவம்பரில் மாநகர்த் தகுதியும் அளித்தனர். 1850 களில் தெமெங்கோங் இப்ராகிம் தம் புதிய ஊருக்கு வைத்த அதே பெயர். பழைய நகர் தன் அலுவலகங்களை இழந்தது, விருந்தினரை இழந்தது, தன் பிள்ளைப் பெயரையும் புதிய நகருக்குக் கொடுத்துவிட்டது. வரலாறு அறியாத பயணி அப்பெயர் நேற்றுப் பிறந்தது என எண்ணுவார்.

புதிய கரையைத் தேர்வோரைக் குறை கூற இயலாது. பழைய நகரின் தெருக்கள் குறுகியவை. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் காஸ்வேயைக் கடப்பதால் நெரிசல் ஓய்வதில்லை. குழந்தைகளோடு இரண்டு நாள் இளைப்பாற வருவோர்க்குக் காற்றும் அமைதியும் வேண்டும். அவை புதிய கரையில் உண்டு. உணவு விடுதியிலும் துப்புரவிலும் காவலிலும் பலர்க்கு வேலையும் உண்டு. ஆனால் 'நீர்க்கரை' என்ற சொல் எதனை மறைக்கின்றது என்பதை அறிந்து தங்குவது வேறு, அறியாமல் தங்குவது வேறு.

முதலாவதாக, நீர்க்கரை நிலையானதன்று. சிங்கப்பூரின் ராபிள்ஸ் ஹோட்டல் 1887 இல் பத்து அறைகளோடு தொடங்கியபோது கடற்கரைச் சாலையில் இருந்தது, எதிரே கடல். கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கியதால், இன்று சாலையின் பெயரில் மட்டுமே கடற்கரை உள்ளது. கொழும்பில் 1864 இல் காலிமுகத் திடலின் தென்கோடியில், கோட்டைப் பகுதிக்கு வெளியே, கடலைப் பார்த்து காலிமுக ஹோட்டல் எழுந்தது. 1875 இல் கோட்டைக்குள், துறைமுக வாயிலில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் வந்தது. கப்பல் நிற்கும் சில மணி நேரம் இறங்குவோர்க்கு ஒன்று, பல நாள் தங்குவோர்க்கு மற்றொன்று என அமைந்தது போலும். காலிமுகத் திடலுக்கு எதிரே அண்மைக் காலத்தில் கடலைத் தூர்த்துப் புதுநகர் அமைக்கும் வேலை நடைபெற்றது; எனினும் அந்த ஹோட்டல் இன்னும் அலையைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் 1974 இல் திறக்கப்பெற்ற கடற்கரை ஹோட்டல் இன்னொரு சான்று. அவ்விடம் பழங்கோட்டையொன்றின் தலம்; 1752 இல் கிளைவ் கைப்பற்றிய கோவளக் கோட்டை அது. அங்கே நகரை விட்டு விலகிச் சென்றவர் வரலாற்றை விட்டு விலகவில்லை. அதன் மேலேயே படுத்துறங்குகின்றார்.

தெப்ராவ்க் கரையிலும் அவ்வாறே. தூர்த்த நிலத்தின் கீழே இருப்பது கோட்டை அன்று; கண்டற் காடும் கடற்புல்லும். நீரிணையின் மேற்கு வாயிலில் பாரஸ்ட் சிட்டி என்ற பெயரில் செயற்கைத் தீவுகளை எழுப்பத் தொடங்கியபோது, மெரம்போங் கடற்புல் திட்டுக்கு நேர்ந்த கேடு பற்றிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆவுளியாவும் கடற்குதிரையும் வாழும் புல் அது. ஓராங் செலத்தார் மக்களோ பல தலைமுறையாக மீன் பிடித்த கழிகளிலிருந்து ஒதுக்கப்பட்டனர். அவர்கள் தம் வழிவழி நிலத்துக்காக வழக்குத் தொடுத்தனர். 2017 இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்தம் மரபுவழி உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. எழுத்தில்லாத கடற்குடியினர், தம் முன்னோர் புதைகுழிகளையும் நினைவில் நின்ற இடப்பெயர்களையும் சான்றாக வைத்து உரிமை கோரினர். தோட்டத்துத் தமிழர்க்கு அத்தகைய வழக்காடும் வாய்ப்பும் இல்லை; தோட்டம் அவர்களுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை.

விருந்தினர் செல்லாத நகர் என்னாகும் என்பது அடுத்த கேள்வி. ஜொகூர் பாருவின் பழைய தெருக்கள் சில ஆண்டுகள் வெறிச்சோடின என்பது உண்மையே. ஆனால் தான் ஹியோக் நீ தெருவிலும் டோபி தெருவிலும் பழைய கடைவீடுகள் மீண்டும் திறந்தன. விறகடுப்பில் ரொட்டி சுடும் பழைய கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். மூடப்பட்ட செகெட் ஆற்றின் கான்கிரீட்டு மூடியை 2010 களில் அகற்றி, ஆற்றைத் தூய்மை செய்து, கரையில் நடைபாதை அமைத்தனர். அரும்பெரும் பொருட்செலவில் புதிய நீர்க்கரையை மேற்கே உண்டாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இருந்த நீர்க்கரையை நகர் தோண்டி எடுத்தது.

பழைய நகருக்குப் பயணிகளை மீட்டுவரும் இன்னொரு வேலை 2020 இன் இறுதியில் தொடங்கிற்று. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு நான்கு கிலோமீட்டர் நீளத்தில், நீரிணைக்கு மேலே உயர்ந்த பாலத்தின் வழியாகச் செல்லும் இரயில் இணைப்பு அது. ஒரு திசையில் மணிக்குப் பதினாயிரம் பேர் கடக்கும்படி திட்டமிடப்பட்டது. நீரைக் கடக்கும் நேரம் ஐந்து நிமிட அளவு. 1923 இன் அணை நீரை அடைத்தது. இப்பாலம் தூண்மேல் நிற்பது, கீழே நீர் ஓடும். இரண்டாம் பாலம் நகரைச் சுற்றிச் செல்லும் வழியைத் திறந்தது. இவ்விரயிலின் நிலையமோ பழைய நகரின் நடுவே, தெப்ராவ் சாலை தொடங்கும் பக்கத்தில் அமைந்தது. 1922 இல் பாதை வேலைக்காரர் குடில் போட்ட ராஜகாளியம்மன் கோயில் அதற்கு அண்மையில்தான் உள்ளது.